மாதவிடாய் நின்றபின் காணும் இரத்தக்கசிவு: தாய்மார்கள் அறிய வேண்டியவை

(சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டத் தாய்மார்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பலர் கூடிய அவையில் பேசுவதற்குக் கூச்சம் தருவது. எனினும் பேசியாக வேண்டும். காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடமும் சொல்லுகிறோம். கால் வீங்கினால் கங்காணியிடம் காட்டி விடுப்புக் கேட்கிறோம். ஆனால், ஐம்பது வயதைக் கடந்த தாய் ஒருவர், என்றோ நின்றுபோன மாதவிடாய் மீண்டும் சிறிதளவு தோன்றினால், அதனைத் தாம் பெற்ற மகளிடமும் சொல்லத் தயங்குகிறார். விடியுமுன் கைலியைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு, எதுவும் நிகழாதது போல் பெரட்டுக்குச் சென்றுவிடுகிறார். ‘உடல் சூடு’ என்றோ, ‘பால் வாளி சுமந்த பளு’ என்றோ தமக்குத் தாமே காரணம் கூறிக்கொள்கிறார். மாதங்கள் பல கழிகின்றன. அவ்வாறு வீணாகும் மாதங்களே நம்மை இன்று பேசச் செய்கின்றன.

மாதவிடாய் நிற்றல் என்பது யாது?

பெண்களுக்கு ஏறத்தாழ ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. சிலருக்குச் சில ஆண்டுகள் முன்னரும், சிலருக்குச் சில ஆண்டுகள் பின்னரும் இது நிகழும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வாராதிருந்தால், அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். இக்கணக்கைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், 12 மாதங்கள் நிறைவுற்றபின் காணும் எந்த இரத்தமும் மாதவிடாய் ஆகாது. ‘தீட்டு திரும்பிவிட்டது, இளமை திரும்பிவிட்டது’ என்று வேடிக்கையாகப் பேசிவிட்டு விட்டுவிடக் கூடியதும் அன்று. சிவந்த இரத்தமாயினும், இளஞ்சிவப்பு நீராயினும், பழுப்புநிறக் கறையாயினும், ஒரே ஒருமுறை ஒரு துளி கண்டாலும், அதற்குக் காரணம் கண்டறியப்பட வேண்டும்.

பால்மரத்தை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. வெட்டு நிறுத்தி ஓய்வில் விட்ட மரத்தின் பட்டையிலிருந்து தானாகவே பால் கசிந்தால், அனுபவம் மிக்க தொழிலாளி அதைக் கண்டும் காணாமற் போவதில்லை. பட்டையைச் சுரண்டி உள்ளே அழுகல் உண்டா என்று பார்க்கிறார். உள்ளே பாராமல் வெளியிலிருந்தே அதைச் சொல்ல இயலாது என்பதை அவர் அறிவார். மரத்திற்கு நாம் காட்டும் அக்கறையை நம் உடலுக்கும் காட்டுதல் வேண்டும்.

சதைவளர்ச்சி என்பது யாது?

இவ்வாறு இரத்தம் கசிவதற்குப் பல காரணங்கள் உள்ளன. வயது ஏற ஏறக் கருப்பையின் உட்படலமும் பிறப்புறுப்பின் தோலும் மெலிந்து, உலர்ந்து, எளிதில் கசிகின்றன. மிகப் பலருக்கு இதுவே காரணம். இது கொடியதன்று. மற்றொரு காரணம், கருப்பையின் உட்புறத்தில் தோன்றும் சதைவளர்ச்சி. மருத்துவர்கள் இதனைப் ‘பாலிப்’ என்பார்கள். கருப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு சிறு காம்பு போலவோ, அகன்ற அடியுடனோ இது முளைத்து நிற்கும். எள்ளளவு சிறியதும் உண்டு. நெல்லிக்காய் அளவு வளர்ந்ததும் உண்டு. ஒன்றாகவும் இருக்கும், பலவாகவும் இருக்கும். வலி இராது. பலருக்கு இது இருப்பதே தெரியாது.

இந்த வளர்ச்சியை மருத்துவ உலகம் அறிந்து நெடுங்காலம் ஆயிற்று. 1869ஆம் ஆண்டில் பந்தலேயோனி என்னும் மருத்துவர், மாதவிடாய் நின்றபின்னும் இரத்தப்போக்கு நீங்காதிருந்த 60 வயது மூதாட்டி ஒருவரின் கருப்பைக்குள் குழாய் போன்ற ஒரு கருவியைச் செலுத்தி, விளக்கொளியின் துணையால் உள்ளே நோக்கினார். அங்கே ஒரு சதைவளர்ச்சியைக் கண்டு, வெள்ளி நைட்ரேட் என்னும் மருந்தினால் அதனைச் சுட்டார். கருப்பையின் உள்ளே பார்த்து மருத்துவம் செய்ததற்கு உலகில் கிடைக்கும் முதற் சான்று இதுவே ஆகும். அன்று விளக்கொளியில் அரிதாகச் செய்யப்பட்ட அப்பணி, இன்று நுண்ணிய கருவிகளால் நம் நாட்டு மருத்துவமனைகளில் அன்றாடம் நடைபெறுகிறது.

எத்தனை பேருக்குப் புற்றுநோய்?

சதைவளர்ச்சி என்றவுடன் புற்றுநோய் என்று அஞ்சுவோர் உளர். அதனை ஒரு பொருட்டாகக் கருதாதோரும் உளர். இரண்டும் தவறு. கணக்கு என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

2010ஆம் ஆண்டில், 10,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 17 ஆய்வுகள் ஒன்று திரட்டப்பட்டு ஆராயப்பட்டன. மாதவிடாய் நின்றபின் சதைவளர்ச்சி காணப்பட்ட பெண்களுள், 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு அவ்வளர்ச்சியில் புற்றுநோயோ, புற்றுநோயாக மாறக்கூடிய மாறுதலோ இருந்தது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் இது 100க்கு 2 பேர் என்ற அளவுக்கும் குறைவு. மாதவிடாய் நின்றவர்களிலும், இரத்தக்கசிவு கண்டவர்களுக்கு அபாயம் 100க்கு 4 அல்லது 5 பேர். கசிவு ஏதுமின்றித் தற்செயலாக வளர்ச்சி கண்டறியப்பட்டவர்களுக்கு 1 அல்லது 2 பேர்.

ஆகவே, 100 தாய்மார்களுள் ஏறத்தாழ 95 பேருடைய வளர்ச்சி தீங்கற்றது. இது ஆறுதலான செய்தி. ஆனால், அந்த ஐவர் எவர் என்பதை முகத்தைப் பார்த்தோ, கசிந்த இரத்தத்தின் அளவைப் பார்த்தோ எவராலும் சொல்ல இயலாது. வளர்ச்சியை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நமது உரையின் சாரம் இதுவே.

மற்றொரு கணக்கையும் கூறுவோம். 2018ஆம் ஆண்டில் 129 ஆய்வுகள் ஒருங்கே ஆராயப்பட்டன. மாதவிடாய் நின்றபின் கருப்பைப் புற்றுநோய் கண்ட பெண்களுள் 100க்கு 90 பேருக்கு இரத்தக்கசிவு தோன்றியிருந்தது என அவை காட்டின. மற்றப் புற்றுநோய்கள் பல உடலுக்குள் ஒளிந்து வளர்ந்து, காலம் கடந்தபின்பே தம்மைக் காட்டுகின்றன. இந்நோயோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே கதவைத் தட்டிச் சொல்லிவிடுகிறது. அவ்வோசையைக் கேட்டும் கேளாதவர் போல் நாம் இருந்துவிடலாகாது.

நோய் கருப்பையைத் தாண்டாதிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டால், 100 பேரில் ஏறத்தாழ 95 பேர் 5 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறார்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடு கூறுகிறது. உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டாலோ, ஏறத்தாழ ஐவரில் ஒருவரே அவ்வாறு வாழ்கிறார். நோய் ஒன்றே. காலம் ஒன்றுதான் வேறு.

எவருக்கு அபாயம் மிகுதி?

கருப்பையின் உட்படலத்தை வளரச் செய்வது எஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர். மாதவிடாய் நின்றபின் சூலகம் இதனைச் சுரப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால், உடலிலுள்ள கொழுப்பும் இச்சுரப்புநீரை உண்டாக்கவல்லது. உடல் பருத்தவர்களுக்குக் கருப்பையின் உட்படலம் ஓய்வின்றித் தூண்டப்படுவது இதனாலேயே. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, பிள்ளைப்பேறு இன்மை, மிக இளவயதில் பூப்பெய்தி மிகப் பிந்தி மாதவிடாய் நிற்றல், குடும்பத்தில் கருப்பை அல்லது பெருங்குடல் புற்றுநோய் கண்டிருத்தல் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டுவன.

மார்பகப் புற்றுநோய்க்காகத் தமொக்சிஃபன் மாத்திரை உட்கொள்ளும் சகோதரிகளும் கவனமாயிருத்தல் வேண்டும். அம்மாத்திரை மார்பகத்தைக் காக்கிறது. எனினும் கருப்பையில் சதைவளர்ச்சியும், சிலருக்குப் புற்றுநோயும் தோன்ற இடமளிக்கிறது. அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. கசிவு கண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவித்தாற் போதும்.

நம் சமூகத்திற்கு இது தொலைவான செய்தியன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்று கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, நாட்டின் மூவினங்களுள் மிக உயர்ந்த அளவு. உடல் பருமனிலும் நாமே முன்னிற்கிறோம். இதற்குத் தோட்ட வாழ்க்கையில் ஒரு காரணம் உண்டு. வேலை செய்யும் காலத்தில் விடியற்காலை முதல் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்த கால்கள், ஓய்வு பெற்றபின் திண்ணையோடு நின்றுவிடுகின்றன. ஆனால், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும், மூன்று வேளைச் சோறும் முன்போலவே தொடர்கின்றன. நாள்தோறும் அரைமணி நேர நடை, சர்க்கரையைக் குறைத்தல், நீரிழிவு மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல் ஆகிய மூன்றும் கருப்பைக்கும் காவலாகும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

என்ன செய்வார்களோ என்ற அச்சமே பலரை வீட்டில் நிறுத்திவிடுகிறது. ஆகவே ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலில் மருத்துவர் விவரம் கேட்பார். மாதவிடாய் எப்போது நின்றது, கசிவு எப்போது கண்டது, என்னென்ன மருந்துகள் உட்கொள்ளுகிறீர்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. பின்னர் கருப்பையின் வாயைப் பரிசோதிப்பார். கருப்பைவாய்ப் புற்றுநோயும் இத்தகைய கசிவை உண்டாக்கும் என்பதால் இது இன்றியமையாதது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். மகளையோ மருமகளையோ உடன் அழைத்துச் செல்லலாம்.

அடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். ஒலியலைகளைக் கொண்டு கருப்பையின் உட்படலத்தின் தடிப்பை அளப்பார்கள். கசிவு கண்டவர்களுக்கு அது 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, கசிவு மீண்டும் மீண்டும் தோன்றினாலோ, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சிறிதளவு திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். சில நிமிடங்களில் முடியும். மாதவிடாய் வலி போன்ற பிடிப்பு சிறிது நேரம் இருக்கலாம்.

சதைவளர்ச்சி உண்டு என்று தோன்றினால், ஹிஸ்டரோஸ்கோப் என்னும் கருவியால் கருப்பைக்குள் நேராகப் பார்த்து, அவ்வளர்ச்சியை அடியோடு எடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். கண்ணால் பாராமல் வெறுமனே சுரண்டி எடுக்கும் பழைய முறையில் வளர்ச்சி தப்பிவிடுவதுண்டு. பார்த்து எடுப்பதே சிறந்தது. எடுத்த வளர்ச்சி முழுவதும் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். ஆகவே, ‘எடுத்தாயிற்று, நலமாயிற்று’ என்று இருந்துவிடாமல், முடிவை அறியக் குறித்த நாளில் மீண்டும் செல்லுதல் வேண்டும். அந்த ஒரு தாளுக்காகவே இத்தனையும் செய்யப்படுகின்றன.

முடிவில் புற்றுநோய் என்று தெரிந்தால், பெரும்பாலும் கருப்பையை நீக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படும். தொடக்க நிலையில் பலருக்கு அதுவே போதுமானது. சிலருக்குக் கதிர்வீச்சு மருத்துவமும் தேவைப்படலாம்.

சுங்கை பாக்காப்பிலிருந்து செல்லும் வழி

செபராங் பிறை தென்பகுதித் தோட்டங்களில் வாழும் நமக்கு மருத்துவம் தொலைவில் இல்லை. தோட்டத்தில் மருந்தகம் இருந்தால் அங்குள்ள மருத்துவ உதவியாளரிடம் சொல்லலாம். இன்றேல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு நேரே செல்லலாம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான். சுங்கை பாக்காப் நகரிலேயே அரசாங்க மருத்துவமனை உண்டு. மகளிர் நோய் வல்லுநர்களைக் காண வேண்டியவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ, தீவிலுள்ள பினாங்கு மருத்துவமனைக்கோ அனுப்பப்படுவார்கள். ஒரு காலத்தில் பட்டர்வொர்த் சென்று படகேற வேண்டியிருந்தது. 1985இல் முதற் பாலமும், 2014இல் நமக்கு அருகிலுள்ள பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டபின் தீவு அண்டை ஊராகிவிட்டது.

‘ஒரு நாள் வேலை போய்விடுமே’ என்று கவலைப்படுவோருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவரின் சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. சான்றிதழைக் கேட்டு வாங்கி, கிராணியிடம் ஒப்படைக்க மறவாதீர்கள். எந்த நோய்க்கு என்று பலர் முன்னிலையில் விளக்க வேண்டியதில்லை.

தாய்மார்கள் கேட்கும் சில வினாக்கள்

‘பேப் ஸ்மியர் பரிசோதனை செய்துகொண்டேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகும் போக வேண்டுமா?’ வேண்டும். அப்பரிசோதனை கருப்பையின் வாயில் தோன்றும் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. கருப்பையின் உள்ளே இருப்பதை அறிய அதனை நம்பியிருக்க முடியாது.

‘கசிவு தானாகவே நின்றுவிட்டதே?’ நின்றாலும் காரணம் உள்ளேயே இருக்கக்கூடும். கசிவு வந்து வந்து நிற்பது இதன் இயல்பு. நின்றதைச் சுகமானதற்கு அடையாளமாகக் கொள்ளலாகாது.

‘கசிவே இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வளர்ச்சி இருக்கிறது என்கிறார்களே?’ அபாயம் குறைவு. எனினும் அறவே இல்லை என்பதற்கில்லை. வளர்ச்சியின் அளவு, உங்கள் வயது, நீரிழிவு, உடல் எடை ஆகியவற்றைப் பார்த்து, எடுப்பதா காத்திருப்பதா என மருத்துவர் உங்களோடு கலந்து முடிவு செய்வார்.

‘கஷாயம் குடித்துப் பார்க்கலாமா?’ கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கசிவு சில நாள்களில் நிற்கக்கூடும். அதனால் நோய் நீங்கியதாக எண்ணி ஏமாறுவதே நிகழும். மருத்துவரைக் கண்டு காரணம் அறிவதே முதற் கடமை.

புற்றுநோய் என்ற சொல்லுக்கு அஞ்சுவோர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவரைச் செயலுக்குத் தூண்டியது. 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தொடக்கத்தில் அதற்கு இருந்தவை 12 படுக்கைகளே. மறு ஆண்டு அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா அவர்கள், 2021இல் மறையும் வரை, தொடக்கத்தில் கண்டால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்ற உண்மையை ஏழைப் பெண்களுக்கு எடுத்துரைத்து வந்தார். நம் பினாங்கிலும் 1976 முதல் மவுண்ட் மிரியம் மருத்துவமனை புற்றுநோய்க்கெனவே இயங்கி வருகிறது. இந்நோய் வந்தோர் யாவரும் மாண்டனர் என்ற காலம் மலையேறிவிட்டது.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியோ தாயோ இதனைச் சொல்லத் தொடங்கினால், ‘இந்த வயதில் என்ன பேச்சு?’ என்று வாயடைக்காதீர்கள். உந்துவண்டியை எடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மகள்களும் மருமகள்களும் வீட்டிலுள்ள மூத்தோரைத் தாமாகவே கேட்டறிய வேண்டும். அவர்களாகச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

முடிவாக, பள்ளிப் பிள்ளைகள் பாடத்தை ஒப்பிப்பது போல மூன்று செய்திகளை நாம் யாவரும் மனத்தில் நிறுத்துவோம். ஒன்று, மாதவிடாய் நின்று 12 மாதம் ஆனபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அந்த வாரத்திலேயே மருத்துவரைக் காண வேண்டும். இரண்டு, சதைவளர்ச்சி என்றால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆயினும் திசு ஆய்வின்றி அதனை உறுதி செய்ய முடியாது. மூன்று, ஆய்வின் முடிவைக் கையில் பெறும் வரை நம் கடமை முடிவதில்லை.

இந்த மூன்றையும் இவ்விதழைப் படிக்க இயலாத உங்கள் லயத்து மூதாட்டிகளுக்கு இன்று மாலையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.